நாற்பது சாமானும் பதினான்கு சாமானும்

அன்பு மகளுக்கு, சித்தப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், போன மாதம் எனக்கு வந்த முட்டி வலி கூட இந்த ஆளிடம் தங்க முடியாது என்று தானாகவே கிளம்பிப் போய்விட்டது. நீ அங்கே சுகமாக இருப்பதைப் போனில் உன் வாயாலேயே கேட்டுவிட்டோம், ஆனாலும் அதை நீ காகிதத்தில் எழுதி அனுப்பினால்தான் சித்தி நம்புவாள், உன் குரல் மெலிந்து கேட்கிறதாம், எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. புது வீட்டுக்குப் பக்கத்தில் மூன்று சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, கூட வேலை பார்க்கிறவள் ஒன்றைச் சொல்கிறாள், வீட்டுக்காரம்மா இன்னொன்றைச் சொல்கிறாள், எதில் வாங்கினால் கட்டுப்படியாகும் சித்தப்பா என்று கேட்டாயே. போனில் சொன்னால் சரி சித்தப்பா சரி சித்தப்பா என்று ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் இந்த விஷயத்தில் இப்போது இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதே கேள்வியால் உன் சித்தியின் வேலையே போக இருந்தது. அந்தச் சிக்கலை உண்டாக்கியவனும் நான், தீர்த்து வைத்தவனும் நான், இரண்டையுமே நன்றாகத்தான் செய்தேன்.

நீ போன பிறகு மெயின் ரோட்டில், நம் வீட்டிலிருந்து ஏழு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு பெரிய கடை திறந்தார்கள். பெரிய கடை என்றால் சும்மா இல்லை, உள்ளே போனால் அந்தக் கோடியில் நிற்கிற ஆள் எறும்பு மாதிரி தெரிவான், தள்ளுவண்டி ஒவ்வொன்றும் நம் குளியலறை அளவு இருக்கும். திறந்த அன்று பத்தாயிரம் பேர் கூட்டம், அதில் முதல் ஆளாக உள்ளே போனவன் நான்தான், அல்லது முதல் இருபது பேரில் ஒருவன். உனக்குத்தான் தெரியுமே, முப்பத்தொரு வருஷமாக லாரி எடை மேடையில் உட்கார்ந்திருக்கிறவன், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினாலும் கணக்கு வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வகுப்புக்குப் போவார். எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் நாற்பது சாமானின் பெயரை எழுதிக்கொண்டு, அந்தக் கடையில் ஒரு விலை, உன் சித்தி பில் போடுகிற நம் பக்கத்துத் தெருக் கடையில் ஒரு விலை என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்து நடந்து எழுதினேன். விலையை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடவில்லை, பாக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கிற எடையையும் பார்த்து ஒரு கிலோவுக்கு என்ன ஆகிறது என்று வகுத்துப் போட்டேன். ஒரு கிலோ மாதிரி தெரிகிற பாக்கெட்டில் தொள்ளாயிரம் கிராம்தான் இருக்கும், அதைக் கையில் வாங்கியதுமே என் மணிக்கட்டு சொல்லிவிடும், நீ கண்ணால் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், மறக்காதே. நாற்பதில் முப்பத்தொன்று பெரிய கடையில்தான் மலிவு. இதை நான் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு பெரிய அட்டையில் சிவப்பு மையிலும் நீல மையிலும் பட்டியல் எழுதி, நம் கட்டடத்தின் மாடிப்படி முகப்பில் தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். அச்சடித்தது மாதிரி இருந்தது. மூன்றாம் மாடி எலெக்ட்ரீஷியன் அதை போனில் படம் பிடித்துத் தெரு முழுக்க அனுப்பினான், அடுத்த வாரமே அவனுடைய வேனில் எட்டுப் பேர் பெட்ரோல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு பெரிய கடைக்குக் கிளம்பினார்கள். போகிற வழியில் என் வீட்டுக் கதவைத் தட்டி, அண்ணே உங்க புண்ணியம் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எனக்கு நடக்கும்போது கால் தரையில் படவில்லை.

இதில் ஒரே ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. உன் சித்தி நாற்பத்தேழு வயதில் முதல் முதலாக வேலைக்குப் போனவள் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கடையின் இரண்டாவது கவுண்டர் அவளுடையது, அந்த உயரமான நாற்காலியும் சட்டையில் குத்துகிற பெயர் அட்டையும் வந்த நாளிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது, இரவு பெயர் அட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். மூன்று வாரமாக அவள் சீக்கிரமே வீடு வந்துகொண்டிருந்தாள், என் முட்டி வலியைப் பார்த்துக்கொள்ளத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வந்து உட்கார்ந்து, முதலாளி ஒண்ணாம் தேதியிலிருந்து ரெண்டாவது கவுண்டரை மூடறாராம், ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தா அதிகம், எதுக்கு ரெண்டு பேர்னு கேக்கறார் என்றாள். அந்த முதலாளியைத் தெருவில் ரசீதுக்காரர் என்றுதான் சொல்வோம், ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் ரசீதைக் கையில் திணிக்காமல் வெளியே விடமாட்டார், மற்றபடி நல்ல மனுஷர். ஏன் கூட்டம் குறைந்தது என்று நான் கேட்டேன் பார், அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தினமும் காலையில அந்த அட்டைக்கு முன்னாடிதான் படி இறங்கறேன், கடைக்கு வர்றவங்க எல்லாரும் அதைப் படிச்சிட்டு வராம போறாங்க, எழுதினவர் எங்க வீட்டுக்காரர்னு முதலாளிக்கும் தெரியும் என்றாள். அப்போதே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, சொன்னா கிழிச்சிடுவீங்க, கையெழுத்து அழகா இருந்துச்சு, விலையும் சரியாத்தான் இருந்துச்சு, எதைச் சொல்லிக் கிழிக்கச் சொல்றது என்றாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் கோபப்படவில்லை, அன்றைக்குப் பெயர் அட்டையைக் கைப்பைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

நான் அசருகிற ஆளா. இதோ ஒரு நிமிஷம், ரசீதுக்காரர் கடைதான் மலிவு என்று அதே அட்டையின் மறுபக்கத்தில் எழுதித் தொங்கவிடுகிறேன், பெரிய கடை முட்டையில் பாதி கூமுட்டை என்றும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன் என்றேன். சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பொய் எழுதிக் காப்பாத்தற வேலை எனக்கு வேணாம், அப்புறம் அந்த நாற்காலியில உக்காந்தா முள்ளா குத்தும் என்றாள். பிறகு என் நாற்பது சாமான் பட்டியலை எடுத்து வரச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள். இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை, பத்து லிட்டர் எண்ணெய் டின், அஞ்சு கிலோ பிஸ்கட் டின், கார் கழுவற திரவம், நம்மகிட்ட கார் இருக்கா, இதுல எதை நாம நேத்து வாங்கினோம், முந்தாநாள் வாங்கினோம் என்று கேட்டாள். எனக்கு மூட்டையும் டின்னும்தானே சாமானாகத் தெரியும், முப்பத்தொரு வருஷமாக லாரியில் அதுதானே வருகிறது. அவள் விடவில்லை. லாரி வந்தா முதல்ல வெறும் வண்டியை எடை போட்டுக் கழிச்சாத்தான் சரக்கு எவ்வளவுன்னு தெரியும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே, இதுல பஸ் டிக்கெட்டை எங்கே கழிச்சீங்க, பால்கனியில முளைச்சு நிக்கற உருளைக்கிழங்கை எங்கே கழிச்சீங்க என்றாள். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, என் வாழ்நாளில் மூன்றாவது முறையாக நான் கணக்கில் தோற்றேன், முதல் இரண்டு முறையும் அவளிடம்தான்.

அதன் பிறகு நாங்கள் வேலையைத் தொடங்கினோம் பார், அதை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். உன் சித்தி கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு வருஷமாகத் தன் கவுண்டரில் எந்தெந்த சாமான் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஜனங்க வாயால சொல்ற பட்டியல் வேற, தட்டுல கொண்டு வந்து வைக்கற பட்டியல் வேற என்றாள். ரொட்டி, பால், ஆறு முட்டை, அரைக் கிலோ வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, சர்க்கரை, தேயிலை, சின்ன பிஸ்கட், எண்ணெய், குளிக்கிற சோப்பு, சோப்புத் தூள், பற்பசை, பல்பு. இந்தப் பதினான்குதான் ஒரு வீட்டின் அன்றாடம், மற்றதெல்லாம் மாதத்துக்கு ஒருநாள் வருகிற விருந்தாளி. இந்தப் பதினான்குக்கும் இரண்டு கடையிலும் மறுபடி விலை எடுத்தேன், பஸ் டிக்கெட்டைச் சேர்த்தேன், பெரிய கடையில் வாங்கி நம் வீட்டில் வீணாய்ப் போனதைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தேன், நமத்துப் போன பிஸ்கட்டும் முளைத்த கிழங்கும் அழுகிய தக்காளியுமாக இரண்டே வாரத்தில் மூன்று கிலோ நானூறு கிராம். அலமாரியில் ஒட்டியிருக்கிற விலையை மட்டும் பார்த்தால் பதினான்கில் ஒன்பது அங்கேதான் மலிவு. எல்லாம் கழித்த பிறகு மூன்றுதான் நின்றது, எண்ணெய், சர்க்கரை, சோப்புத் தூள், மூன்றும் கெட்டுப்போகாத சாமான். அதை அப்படியே எழுதினேன், மாதம் ஒருமுறை வேனில் போய் இந்த மூன்றையும் அங்கே வாங்குங்கள், மற்ற பதினொன்றும் நடந்து போய் வேண்டிய அளவுக்கு மட்டும் இங்கே வாங்குங்கள் என்று. சித்தி ஒரு நிபந்தனை போட்டாள், முதல் அட்டையில் தப்பு செய்ததையும் சேர்த்து எழுத வேண்டுமாம். முதல் அட்டையை எழுதியவர் வெறும் வண்டியைக் கழிக்க மறந்துவிட்டார் என்று எழுதினேன். சின்ன எழுத்தில்தான் எழுதினேன், ஆனால் எழுதினேன். கீழே என் கையெழுத்தையும் போட்டு, பழைய அட்டை இருந்த இடத்திலேயே தொங்கவிட்டேன். எலெக்ட்ரீஷியன் அதைப் படித்துவிட்டு, என்னண்ணே மேடையே ஆட்டம் கண்டுடுச்சா என்று சிரித்தான், நான் அவன் பெரிய கடையில் வாங்கிய அஞ்சு கிலோ பிஸ்கட் டின் என்ன ஆயிற்று என்று கேட்டேன், சிரிப்பு நின்றது, படம் பிடித்து அனுப்பினான்.

அப்போது ஒண்ணாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. உடனே ஜனங்கள் திரண்டு வந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் முதல் நாலு நாள் ஈ எறும்பு இல்லை. ஐந்தாம் நாள் தரைத்தளத்துத் தையல்காரம்மா ஆறு முட்டைக்கு வந்தாள், அவளைப் பார்த்து எதிர்வீட்டு நர்ஸ் வந்தாள், பிறகு தினமும் இரண்டு இரண்டு பேராகக் கூடிக்கொண்டே வந்தது. ரசீதுக்காரர், கவுண்டர் மூடப்பட்டது என்று அட்டை ஒன்றை ஏற்கெனவே எழுதி மேஜையில் தயாராக வைத்திருந்தார், அவருடைய கையெழுத்து என்னுடையதில் பாதி கூட வராது. மாதக் கடைசி நாள் சாயங்காலம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நானும் போய்ப் பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு சித்தியின் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர், நான் சொன்னால் நீ குறைத்துத்தான் எடுத்துக்கொள்வாய், ஆனால் இது எண்ணிப் பார்த்த ஒன்பது. முதல் கவுண்டரிலும் அவ்வளவு பேர். ரசீதுக்காரர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து இரண்டு வரிசையையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், சித்தியிடம் குனிந்து, அம்மா நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு வந்துடுங்க, உங்க கவுண்டருக்குச் சில்லறை நான் எடுத்து வெக்கறேன் என்றார். அவள் தலையை நிமிர்த்தாமலே சரிங்க என்றாள், கை மட்டும் முட்டையை இரண்டு தடவை எண்ணியது. என் முறை வந்தபோது, முன்பின் தெரியாதவரிடம் கேட்பது மாதிரி பை கொண்டு வந்திருக்கீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். பைக்கும் சேர்த்துப் பில் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேனே, அதற்கு நான் நூறு பை வாங்கியிருப்பேன்.

ஆகவே மகளே, அங்கே மூன்று கடையில் எது மலிவு என்று யாரிடமும் கேட்காதே, அவரவர் சொல்வது அவரவர் வீட்டுக்குத்தான் சரி. ஒரு வாரம் நீ எதை முழுசாகத் தின்று தீர்க்கிறாய், எதைக் குப்பையில் போடுகிறாய் என்று எழுதி வை, தீர்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று கடையிலும் விலை பார், போகவர ஆகிற செலவைக் கழி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தால் அந்த இரண்டாவதை யார் தின்பார்கள் என்று ஒரு நிமிஷம் நின்று யோசி. பசியோடு கடைக்குப் போகாதே, பசி வந்தால் கூடை தானாக நிரம்பும். மிச்சம் பிடிக்கிறேன் என்று வயிற்றில் மட்டும் கை வைக்காதே, இதைச் சித்தி இரண்டு தடவை எழுதச் சொன்னாள், இடம் இல்லாததால் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். உன் பட்டியலை அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். இல்லை, சித்தியிடம் கொடுக்கிறேன், அவள் பார்த்துச் சொன்ன பிறகு நான் அழகாக எழுதி அனுப்புகிறேன். போகிற இடமெல்லாம் உனக்கு நல்லது நடக்கட்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் நல்ல மனுஷர்கள் சூழ நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை சித்திக்கு போன் செய்யாதே, அவள் வேலையில் இருப்பாள்.

உன் நலமே நினைக்கும்,
சித்தப்பா
(எடை மேடை, முப்பத்தொரு வருஷம்)