வளர்ந்திருந்த விரிசல்

என்னவருக்கு,

உங்கள் அக்கா வீட்டில் தூக்கமாவது சரியாக வருகிறதா? போனை எடுக்காததால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை அணு உலையின் பதினேழாவது குழாயைச் சோதித்தோம். போன வருடம் நீங்கள் ‘வெறும் கீறல்’ என்று எழுதிக் கையெழுத்திட்ட அதே குழாய். குழாயின் சிர்கோனிய உலோகம் உள்ளே ஓடும் சுடுநீரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜனைக் குடித்திருக்கிறது. உலை ஆறும்போதெல்லாம் அந்த ஹைட்ரஜன் கீறலின் முனையில் கண்ணாடிச் சில்லு மாதிரிப் படிந்திருக்கிறது. சில்லு உடைய உடைய விரிசல் நீண்டிருக்கிறது. அரை மில்லிமீட்டராக இருந்தது, இப்போது இரண்டு.

மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நாளன்னைக்கு உலையை ஓட்டணும்மா. உன் வீட்டுக்காரரே பரவாயில்லைன்னு விட்டதுதானே? நீ எழுதினா அவர் வேலைதான் போகும்.”

“கீறல் வளராது சார். இது வளர்ந்திருக்கு,” என்றேன்.

அறிக்கையில் ‘விரிசல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உலையை இப்போதைக்கு ஓட்டப் போவதில்லை. குழாயை மாற்றுகிறார்கள்.

இந்தச் சோதனைக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்ன அன்று, நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து அக்கா வீட்டுக்குப் போனீர்கள். ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. ‘வெறும் கீறல்’ என்று ஏன் எழுதினீர்கள் என்று திங்கட்கிழமை விசாரணையில் அவர்கள் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அன்று உங்களை யார் அவசரப்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்து.

அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்னைத் திட்டுவதாக இருந்தால் நம் வீட்டுக்கு வந்து திட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி