மூன்றாம் நம்பர் ரைபிளும் தொண்ணூற்றொன்பது காலிக் கூடும்

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூறல். இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்குப் பாதகமாக இருந்தாலும். என்.சி.சி. சட்டைக்குக் கஞ்சி போட்டேன். ஆள் இல்லாமலே நிற்கிறது. நாளை துப்பாக்கிப் பயிற்சி. ஊட்டி முகாமுக்குப் பள்ளியிலிருந்து ஒருத்திதான். என் பெஞ்சுக்காரி ஸ்டெல்லா. எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் உண்டு.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். ஏரிக்குப் பின்னால் மண்மேடு, போன வருடத்தைவிடக் குள்ளம். கம்பெனி கட்ட லாரி லாரியாக அள்ளியிருக்கிறார்கள்.

இருபது பேர், ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டபின் காலிக் கூடு நூறையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாம் நம்பர் ரைபிளில் மட்டும் கூடு சிக்கிக்கொண்டே இருந்தது. ஹவில்தார் சார் திருநெல்வேலிக்காரர். ஒவ்வொரு தடவையும் பேனாக்கத்தியால் நெம்பினார். "சோறு திங்கியளா, காத்தைத் திங்கியளா? போல்ட்டை இழுக்கத் தெம்பில்ல!"

அதில் கடைசியாகச் சுட்டவள் ஸ்டெல்லா. பிறகு அதற்கு 'ரிப்பேர்' அட்டை கட்டிக் கம்பளியில் சுருட்டிவிட்டார்.

எண்ணினால் தொண்ணூற்றொன்பது. புல், முள், சாணி எல்லாம் தேடினோம். ஷூ, சாக்ஸ், பின்னல் சோதனை.

சார் ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "ஏட்டி, கம்மல் செய்ய ஒண்ணு வேணும்னு கேட்டது நீதான?"

"சும்மானாச்சும் கேட்டேன் சார். சத்தியமா எடுக்கல!"

முகாம் பட்டியலில் ஸ்டெல்லாவின் பெயரை அடித்து என் பெயரை எழுதினார். நாளை காலை மறுபடி தேட வேண்டுமாம்.

ஊட்டிக்கு எடுத்துப்போக: பல்பொடி, தேங்காயெண்ணெய், அகராதி.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. ஸ்டெல்லா சுடும்போது சாரின் கத்தி நான்கு முறைதான் வந்தது. ஐந்தாவது கூடு? நாளை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மேகமூட்டம். அரைமணி நேரம் புதரில் தேடுவதுபோல் நடித்தேன். ஸ்டெல்லாவின் கையெல்லாம் முள் கீறல். "இன்னாடி வேடிக்கை பாத்துக்கினு கீற? தேடுடி!"

கையைத் தூக்கினேன். "சார், கூடு ரைபிளுக்குள்ளயே இருக்கலாம்."

"எல்லாத்தையும் பாத்தாச்சு."

"மூணாம் நம்பரை?"

சார் அதை எடுத்துவந்தார். கம்பளியைப் பிரித்தார். குழல் வாய் வழியாகக் கம்பியை விட்டுத் தட்டினார். டக். கூடு அவர் மடியில்.

திட்டுக்குப் பயந்து, ஐந்தும் வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்துவிட்டாளாம் ஸ்டெல்லா.

"அழுக்குதான்" என்று சார் உள்ளே பிரஷ் போட்டுத் தேய்த்தார். முதலாம் நம்பர் ரைபிளில் சுட்ட கூட்டை மூன்றில் வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசி போய் நின்றது. மூன்றின் கூடு ஒன்றில் லொடலொடவென்று இறங்கியது. வெடிக்கும்போது கூடு தான் இருக்கும் இடத்தின் அளவுக்கு உப்பும். அப்படியானால் மூன்றில் இடம் இறுக்கம். குற்றம் அழுக்கிலும் இல்லை, எங்கள் கையிலும் இல்லை.

சார் தானும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். "சரியாத்தான சொல்லுதா." அட்டையில் 'உள்ளே இறுக்கம்' என்று எழுதினார். அதே பேனாவால் என் பெயரை அடித்து ஸ்டெல்லாவை எழுதினார். பேனா தடையில்லாமல் ஓடியது.

சாயங்காலம் ஸ்டெல்லா முறுக்கோடு வந்தாள். "எப்போடி கண்டுபுட்ச்ச?"

"காலையிலதான்" என்றேன்.

நேற்று ராத்திரியே. முறுக்கு நான்கு தின்றேன். அப்பாவுக்கு நாளை ஃபர்ஸ்ட் ஷிப்ட், லைட்டை அணைத்துவிட்டார்