சாக்குக்குள் போன நீல நூல்

ஒக்டோபர் 14, செவ்வாய்

அலுமாரி நிறைந்துவிட்டதால், பண்டாரவளையில் வாங்கிய நீலக் கம்பளி நூலைப் பையோடு நேற்று வெறும் கிழங்குச் சாக்குகளுக்கு நடுவில் ஒளித்திருந்தேன். "இருக்கிறத பின்னி முடிச்சிட்டு வாங்கு" என்று இவர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். விடிந்து பார்த்தால் சாக்குகளைக் காணவில்லை. கிழங்கு ஏற்ற வெலிமடைக்கு லொறியில் கொண்டுபோய்விட்டார். நாள் முழுக்கப் பின்னல் ஊசியைத் தொடவே மனம் வரவில்லை.

மாலையில் தொப்பலாக நனைந்து வந்தார். ரெயின்கோட் அவர் மேல் இல்லை. அது என் நூல் பையைச் சுற்றியிருந்தது.

"கிழங்கு கொட்டுறப்ப கையில தட்டுப்பட்டுச்சு. சாப்பாடு போடு," என்றார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த மனுஷனை என்ன சொல்வது.

அவர் தூங்கிய பிறகு பையைப் பிரித்தேன். நான் ஒளித்தது ஆறு உருண்டை. உள்ளே எட்டு இருக்கிறது, எல்லாம் அதே நீலம்.