பாலத்தடியில் மூன்று தட்டு

வைகாசி கடைசி வெள்ளி, இரவு.

கல்லிடைக்குறிச்சி ரோட்டுப் பாலத்துக்கு அடியில் கால்வாய் போகும் குழாயை இன்று தூர்வாரி முடித்தோம். நாளைக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறக்க வேண்டும். நாற்றங்கால்கள் காய்ந்து கிடக்கின்றன.

குழாய்க்குள் வேலை செய்பவர்கள் மண்வெட்டியால் மூன்று முறை தட்டுவார்கள். வெளியே நிற்பவன் மூன்று முறை பதில் தட்ட வேண்டும். நீ உள்ளே இருப்பது தெரியும், தண்ணீர் விடமாட்டோம் என்று அர்த்தம். ஒரு வாரமாக அது என் வேலை.

மாலையில் உள்ளே வேலை செய்த ஐந்து பேரும் வெளியே வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மூன்று தட்டு. பழக்கத்தில் பதில் தட்டிவிட்டேன்.

"என்ன சார், அஞ்சு வரைக்கும் எண்ண காலேஜுல சொல்லித்தரலியா? நாங்க எல்லாரும் இங்கனதான நிக்கோம்" என்றார் இசக்கி அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடி தட்டியது. இந்த முறை பக்கத்தில்.

டார்ச் அடித்துப் பார்த்தோம். மறுமுனை வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. உள்ளே ஆள் இல்லை என்று வேலைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மதகு திறக்கும் அண்ணாச்சிக்கு போன் செய்தேன். ஒரு மணி நேரம் தள்ளித் திறக்க முடியுமா என்றேன்.

"தட்டுச்சோ?"

"ஆமா."

"பதில் தட்டலியே?"

"பழக்கத்துல தட்டிட்டேன்."

"அப்பம் நான் திறக்க மாட்டேன் சார். சாவிய மதகுலயே வச்சிருக்கேன். தண்ணி விடமாட்டோம்னு வாக்குக் குடுத்தது நீங்க, நீங்களே வந்து திறந்துக்கிடுங்க."