பதினான்காவது கேள்வி

மரக்காணம்,
5.6.2005

அன்புள்ள சரண்யா அப்பாவுக்கு,

திரௌபதி எழுதுவது. இங்கே நானும் சரண்யாவும் நலம். ஷார்ஜாவில் இப்போது வெயில் ஏறியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரண்யாவுக்குக் கல்லூரி பதினைந்தாம் தேதி திறக்கிறது. ஹாஸ்டலுக்குப் புதுப் பெட்டி வேண்டுமாம். பழையதே போதும் என்று சொல்லிப் பார்க்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். கிணற்று மோட்டாரைச் சரிசெய்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே போனை வைத்துவிட்டேன். அது தப்புதான். ஆனால் அது உங்கள் தம்பி பிரபு வீட்டுப் போன், அவனும் அவன் மனைவியும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என்ன சொல்வேன்? "ஊரே சிரிக்குது. உப்பளத்துல போயி பொம்பளைங்ககிட்ட ஒண்ணுக்குப் போனியா, எப்பப் போனேன்னு கேட்டுட்டு நிக்கிறியாமே. பி.எஸ்சி. படிச்சது இதுக்குத்தானா? நாளைக்கே வேலைய வுட்டுடு" என்றீர்கள். பிரபு உங்களிடம் சொன்னது பொய் இல்லை. அதைத்தான் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பது அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

மார்ச் மாதம் இந்த வேலையில் சேர்ந்தபோது, உப்பளத் தொழிலாளர்களின் ரத்த அழுத்தத்தைப் பற்றி ஓர் ஆய்வு, ஒரு வருடம் நடக்கும் என்று எழுதியிருந்தேன். ஆண்களுக்கு அரசப்பன் அளப்பார், பெண்களுக்கு நான். காலை ஒன்பது மணிக்கு உப்பளக் கொட்டகையில் மேசை போடுவோம். முதலில் படிவத்தில் உள்ள பதின்மூன்று கேள்வியையும் கேட்டு எழுதிக்கொள்வோம். வந்தவரை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வோம். பேசினால் ஏறும், கை தொங்கினால் ஏறும், கால்மேல் கால் போட்டாலும் ஏறும். அதன்பிறகுதான் புஜத்தில் காற்றுப் பட்டையைச் சுற்றுவது. காற்றை மெல்ல இறக்கும்போது காதில் முதலில் விழும் 'டொக்' எந்த எண்ணில், சத்தம் நிற்பது எந்த எண்ணில் என்று பாதரசத்தைப் பார்த்து எழுதவேண்டும். உப்புக்காற்றும் தண்ணீர் இறைக்கும் எஞ்சினும் சேர்ந்து இரைகிற இடத்தில் அந்தச் சத்தத்தைப் பிடிப்பது சுலபம் இல்லை. எனக்கு அது இரண்டே நாளில் பிடிபட்டது. சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், குழுவில் என் காதுதான் நல்ல காது.

ஏப்ரல் கடைசியில் பெரிய டாக்டர் தட்சணாமூர்த்தி என்னைக் கூப்பிட்டார். நாங்கள் அளந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மாலையில் வீட்டுக்கே போய் அவர் மறுபடி அளந்து சரிபார்ப்பார். "ஆம்பளைங்க கணக்கு ரெண்டு எடத்துலயும் ஒத்துப்போவுதும்மா. பொம்பளைங்களுக்கு மட்டும் உப்பளத்துல பத்து பதினஞ்சு கூட இருக்குது. அளக்கறதுலதான் எங்கயோ தப்பு. ரெண்டு வாரம் பாக்கறேன். இல்லன்னா நீங்க ஆபீஸ்ல உக்காந்து படிவம் அடுக்குற வேலைக்கு வந்துடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. அந்த எண்களை நம்பி முப்பத்தொரு பெண்களுக்கு ரத்த அழுத்தம் என்று சீட்டு எழுதியாகியிருந்தது. என் காது பொய் சொல்லியிருந்தால் முப்பத்தொரு பேர் வேண்டாத மாத்திரை தின்னப் போகிறார்கள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பட்டையை மாற்றினேன். மேசையின் உயரத்தை அளந்தேன். அரசப்பனின் கருவியை வாங்கி அளந்தேன். எதற்கும் எண் அசையவில்லை.

மூன்றாம் நாள் சாலம்மாள் வந்தாள். நாற்பது வயது இருக்கும், உப்புக் கூடை தூக்குகிறவள். ஐந்து நிமிடம் அசையாமல் இரு என்றேன். கால் ஆட்டினாள். ஆட்டாதே என்றேன். தொடையை இறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தாள். "சீக்கிரம் ஆவட்டும்மா. ஊட்டுக்குப் போயித்தான் ஒண்ணுக்குப் போவணும். விடியக்காலம் நாலு மணிக்குப் போனது" என்றாள். ஏன் இங்கே போகவில்லை என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நல்லாக் கேட்டியே, எங்க போவறது? ஒன் மேச அடியிலயா?" என்றாள். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணுக்கு எட்டின வரை பாத்தியும் வரப்பும்தான். ஆண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு வரப்பிலேயே நின்றுவிடுகிறார்கள். பெண்களுக்கு ஒரு மறைவு கிடையாது. வேலிகாத்தான் புதர் அரை மைல் தள்ளி இருக்கிறது. இருட்டோடு வருகிறவர்கள் பதினொரு மணி வரை அடக்கிக்கொண்டே கூடை தூக்குகிறார்கள். அவர்களை உட்காரவைத்து இன்னும் ஐந்து நிமிடம் அடக்கு என்று சொன்னவள் நான். நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தத்தை ஏற்றும் என்று பயிற்சியில் ஒரு வரி சொல்லியிருந்தார்கள். நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது வேறொன்று. நானும் அந்தக் கொட்டகைக்குப் புறப்படும் நாளில் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. திண்டிவனத்தில் மூன்று வருடம் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்தபோதும் அப்படித்தான். எனக்குப் பழகிப்போன ஒன்று மற்றவர்களுக்கும் இருக்கும் என்று தோன்றவே இல்லை பாருங்கள்.

அடுத்த நாள் இரண்டு பழைய சேலை கொண்டுபோனேன். கொட்டகைக்குப் பின்னால் நாலு கழி நட்டுச் சுற்றிக் கட்டினோம். முதலில் அளப்பேன், போய்வரச் சொல்வேன், பத்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி அளப்பேன். சாலம்மாளுக்கு நூற்று ஐம்பத்து நாலு இருந்தது நூற்று முப்பத்தாறுக்கு வந்தது. "ஏம்மா, இந்த மிசினு வயித்துல இருக்கறதையும் சேத்து நிறுக்குமா?" என்று கேட்டாள். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்த சிரிப்பு எனக்கு மறக்காது.

பத்து நாளில் ஐம்பது பேரை அளந்து நோட்டை டாக்டரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது தடவ எடுத்தா யாருக்குமே கொஞ்சம் கொறையும்மா. பயம் தெளிஞ்சிடும். அதுகூட இருக்கலாம் இல்ல?" என்றார். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். அடக்கிக்கொண்டு வராத வேறு இருபது பெண்களையும் அதே பத்து நிமிடம் உட்காரவைத்து இரண்டு தடவை அளந்திருந்தேன். அவர்களுக்கு மூன்று, நாலுதான் குறைந்திருந்தது. அடக்கி வந்தவர்களுக்குப் பதினாலு, பதினைந்து. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "படிவம் எழுதுன நாலு பேரும் ஆம்பளைங்க. எங்களுக்கு இது தோணவே இல்ல" என்றார். மறுவாரம் படிவத்தில் பதினான்காவதாக ஒரு கேள்வி சேர்ந்தது. 'கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது? இப்போது போகவேண்டும் போல் இருக்கிறதா?' வாசகம் என்னுடையது. பிரபு கேள்விப்பட்டது அதைத்தான்.

சீட்டு எழுதிய முப்பத்தொரு பேரையும் திரும்ப அளந்தோம். பதினாலு பேருக்கு மாத்திரை தேவையில்லை. மீதிப் பேருக்கு அழுத்தம் உண்மையாகவே இருக்கிறது. லூர்துமேரிக்கு எத்தனை தடவை அளந்தாலும் நூற்று எழுபதுக்குக் குறையவில்லை. இப்போது ஒழுங்காக மாத்திரை போடுகிறாள். முன்பு எல்லோருக்கும் அழுத்தம் என்று சொன்னதால் அவளும் நம்பாமல் இருந்தாள். உப்பள முதலாளியிடம் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித் தரும்படி டாக்டர் எழுதியிருக்கிறார், இன்னும் பதில் இல்லை. "கேள்வி மட்டும் போட்டா ஆச்சா? கக்கூசு எப்ப போடுவ?" என்று சாலம்மாள் தினமும் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறாள். நியாயம்தானே.

லாரியில் உப்பு ஏற்றுகிற ஆண்கள் என்னைக் கண்டால் ஜாடை பேசுவது உண்மை. "டீச்சர் வர்றாங்க, போயிட்டு வந்துடுங்கடா" என்கிறார்கள். முதல் இரண்டு நாள் தலை குனிந்து நடந்தேன். பிறகு யோசித்தேன். அந்தப் பெண்கள் இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் அடக்கிக்கொண்டதும் இந்தச் சிரிப்புக்குப் பயந்துதானே. நானும் பயந்தால் அந்த எண்கள் மறுபடி பொய்யாகிவிடும்.

டாக்டர் சென்னையில் ஒரு கூட்டத்தில் இதைப் படிக்கப் போகிறார். எழுதியவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. காகிதத்தைக் காட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வரியே கண்ணில் நின்றது. உங்களிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். வெள்ளிக்கிழமை அதற்காகத்தான் புதுச் சேலை கட்டிக்கொண்டு பிரபு வீட்டுக்குப் போயிருந்தேன்.

வேலையை நான் விடவில்லை. நேற்று அடுத்த ஒரு வருடத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபதாம் தேதி திங்கட்கிழமை அனுமந்தையில், சுனாமி அலைக்குப் பிறகு போட்ட தகரக் கூடத்தில், புதிதாகச் சேர்ந்த எட்டுப் பெண்களுக்கு நான் பயிற்சி கொடுக்கவேண்டும். எல்லாம் கல்யாணம் ஆகாத பெண்கள். அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க அவர்களுக்கு நாக்கு எழாது. நான்தான் முதலில் உரக்கச் சொல்லிக் காட்டவேண்டும்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் உங்களைக் கேட்காமல் நான் செய்த காரியம் இது ஒன்றுதான். கோபம் இருந்தால் அடுத்த கடிதத்தில் நாலு பக்கத்துக்குத் திட்டி எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன். ஆனால் இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு, உங்களுக்கு அங்கே எட்டரை இருக்கும், ஒரு நிமிடம் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு என்னை நினைத்துக்கொள்ளுங்கள். என் குரல் நடுங்காமல் இருக்கவேண்டும்.

உங்கள் மனைவி,
திரௌபதி