அப்பா சிரிக்காத கல்யாணம்

கேமரன் மலை,
14.8.1979

அண்ணா,

இதை மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.

உன் கல்யாணத்தில் அப்பா சிரிக்கவில்லை. அட்சதை போடவும் கை உயரவில்லை. "என்னா கருப்பையா, சீனப் பொண்ணு மருமகளா வந்தா மூஞ்சி இப்படித்தான் போவுமா?" என்று கங்காணி கிண்டல் செய்தபோதும் அவர் முகம் அசையவில்லை. நீயும் அண்ணியும் அன்றே மலையை விட்டு இறங்கிவிட்டீர்கள். இரண்டு வருடமாகிவிட்டது.

தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி அடிக்கடி கை நழுவியதால் போன மாதம் அப்பாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். பார்க்கின்சன் நோயாம். கை நடுங்குவதோடு முகமும் இறுகிவிடுமாம். உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாதாம். குணமாகாது, மாத்திரையால் சமாளிக்கலாம் என்றார்.

திரும்பும் வழியில் அப்பா மெல்லக் கேட்டார்: "அன்னிக்கு நான் சிரிச்சேன்டா. அவனுக்குத் தெரியலையா?"

அண்ணியை அவருக்குப் பிடிக்கவில்லை என்று அன்று உன்னிடம் சொன்னவன் நான். கிழித்துப் போட்ட முதல் இரண்டு கடிதங்களில் இந்த வரி இல்லை.

மாத்திரை விழுங்கி ஒரு மணி நேரத்தில் அவர் முகம் கொஞ்சம் இளகுகிறது. தாப்பாவிலிருந்து வரும் பஸ் எஸ்டேட் முனைக்கு மூன்று மணிக்கு வருகிறது. மதிய மாத்திரையை இரண்டு மணிக்குக் கொடுக்கிறேன். அண்ணியோடு வா.

உன் தம்பி