பாவுக்கூடத் தூண்களின் தாங்கிகளை அறுத்தெறிந்தது குறித்து

அனுப்புநர்:
மு. ஜீவானந்தம்,
பணி நிறைவு பெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
ஆரணி.

பெறுநர்:
கோட்டாட்சியர் அவர்கள்,
ஆரணி.

பொருள்: நெசவாளர் சங்கத்தின் பாவு விரிக்கும் இரும்புக் கூடம் ஆபத்தான நிலையில் இருப்பது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வரிசைப்படுத்தாவிட்டால் எனக்கே குழம்பிவிடும். ஆகவே: 1. அறுக்கப்பட்டது எது. 2. கணக்கு. 3. பொறியாளரின் பதில். 4. இன்றைய நிலை. 5. வேண்டுகோள்.

1. கூடத்தின் தூண்கள் ஐந்து மீட்டர் உயரக் குழாய்கள். ஒவ்வொன்றின் நடுவையும் தரையிலிருந்து சாய்வாகப் பிடித்திருந்த தாங்கிகளில் பட்டுப்பாவின் நீள இழைகள் உரசுகின்றன என்று நெசவாளர்கள் முறையிட்டார்கள். நியாயமான குறை. தாங்கியை இடம் மாற்றியிருக்கலாம். சங்கத்தின் பொறியாளர் திரு. நெடுஞ்செழியன் அவர்கள் எல்லாவற்றையும் அறுத்தெறிந்தார். பாவை இழுத்துக் கட்டும் கயிற்றையும் தூணின் நடுவிலேயே கட்டிக்கொள்ளச் சொன்னார். தாங்கி பிடித்த இடத்தில் இப்போது கயிறு இழுக்கிறது.

2. தாங்கிப் பிடிப்பில்லாத நீளத்தைக் குழாயின் சுழல் ஆரத்தால் வகுத்தால் வருவது மெலிவு விகிதம். சுமை தாங்கும் தூணுக்கு அது 180-ஐத் தாண்டக் கூடாது; தாண்டினால் தூண் வளைந்து மடியக்கூடும். முன்பு 96. நடுவில் பிடிப்பு போய் நீளம் இரட்டித்ததால் இப்போது 192. என்மேலேயே நம்பிக்கையில்லாமல் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

3. இதைப் பொறியாளரிடம் காட்டினேன். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். நானே திருப்பிக் கொடுத்தேன். “பெரியவரே, அந்தக் கம்பி இன்னா வெயிட்டத் தூக்கினு இருந்திச்சி? சும்மா நின்னுகினு இருந்திச்சி. ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சிக்கிறேன், பேஜார் பண்ணாதீங்க” என்றார். தூண் வளையாதபடி சும்மா நிற்பதுதான் தாங்கியின் வேலை. என்னிடம் தேர்வில் தவறிய மாணவர்களுக்கும் இது தெரியும். இரண்டு பூச்சுப் பெயின்ட்டால் தூண் எவ்வளவு தடிக்கும் என்பதையும் கணக்கிட்டேன். விடையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவருக்குக் கூச்சம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

4. என் மகள் பரிமளாவும் மற்ற நெசவாளர்களும் என் பேச்சைக் கேட்டுத் தெருவிலேயே பாவு விரிக்கிறார்கள். கூடத்தில் யாரும் இல்லை. ஆகவே உடனடி ஆபத்து இல்லை.

5. கூடத்தைப் பூட்டி, தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு சோதித்து, பாவில் உரசாத வகையில் தாங்கிகளை மீண்டும் பொருத்தத் தாங்கள் ஆணையிட வேண்டும். சோதிப்பவர் தாளை நேராகப் பிடிக்கத் தெரிந்தவராக இருந்தால் நலம்.

என் கணக்கில் பிழை இருந்தால் பொறுத்தருள்க. ஆயினும் கூடத்தை முதலில் பூட்டிவிடுங்கள்.

இடம்: ஆரணி
நாள்: 21.10.2024

தங்கள் உண்மையுள்ள,
மு. ஜீவானந்தம்

பின்குறிப்பு: கையெழுத்திட்டு முடிப்பதற்குள் காற்றோடு மழை பிடித்துக்கொண்டது. பட்டு நனைந்துவிடும் என்று எல்லோரும் பாவோடு கூடத்துக்குள் ஓடிவிட்டார்கள். கூடத்து வாசலில் நின்று வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டேன். பரிமளா கயிற்றைத் தூணில் கட்டிக்கொண்டே, “ஜல்தி முடிச்சிட்டு வந்துட்றேம்பா, நீங்க நனையாதீங்க” என்கிறாள். இதைத் தபாலில் சேர்க்காமல் இப்போதே நேரில் கொண்டு வருகிறேன். நான்காவது பத்தியில் நான் எழுதியது தவறு.